நாணயம் காத்த முகம்

நாணயம் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் ஏற்பட்ட கருவியன்று. எவருடைய முத்திரை அதன்மேல் விழுகின்றதோ, அவருடைய ஆணை அந்நாட்டிற் செல்கின்றது என்பதற்கு அது சான்றாகும். மேற்கு ஆபிரிக்க நாடாகிய கானாவின் நினைவு நாணயங்கள் இதனைத் தெளிவுற விளக்குகின்றன.

பொற்கரை என முன்னர் வழங்கிய அந்நாடு 1957ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆந் திகதி சுதந்திரம் அடைந்தது. அதுவரை நைஜீரியா, சியரா லியோன், காம்பியா ஆகியவற்றுக்கும் பொதுவாயமைந்த பிரித்தானிய மேற்கு ஆபிரிக்க நாணயமே அங்கு செலாவணியாயிற்று. 1958இல் கானா தனக்கெனக் காசு வெளியிட்டது. அவற்றுள் வெள்ளியாலான 10 சிலிங் நாணயம், கடைத்தெருவிற் புழங்குதற்கன்றி, சுதந்திரத்தின் நினைவாகச் சேகரிப்போருக்கென வார்க்கப்பட்டது. அதன் ஒரு புறத்தில் ஐம்முனை விண்மீன். மறுபுறத்தில் பிரதமர் குவாமே நிக்குரூமாவின் உருவம். அதனைச் சூழ்ந்து, ‘கானா அரசின் நிறுவுநர்’ எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம்.

அக்காலத்தில் கானாவுக்கு இங்கிலாந்து அரசியே அரசுத் தலைவராயிருந்தார். ஆதலின், அவருடைய உருவை விடுத்துப் பிரதமரின் உருவைப் பொறித்தல் தகுமோ என்ற வினா எழுந்தது. எழுத்தறியாத மக்கள் பலர் வாழும் நாட்டில், சுதந்திரம் வந்துவிட்டது என்பதை அடையாளங்களாலேயே உணர்த்தல் வேண்டும் என நிக்குரூமா விடையிறுத்தார். இலத்தீன் வாசகம் கற்றோர் சிலருக்கே விளங்கும். முகமோ சந்தையிற் கொக்கோ விற்கும் உழவனுக்கும் விளங்கும்.

1960ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி கானா குடியரசாயிற்று. அந்நாளின் நினைவாக 2 பவுண் பொன் நாணயம் வெளிவந்தது. 1965இல் பவுணுக்குப் பதிலாகச் சீடி என்னும் புதிய நாணயமுறை ஏற்பட்டது. சோழியைக் குறிக்கும் அக்கான் மொழிச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மாலைதீவிற் சேகரித்த சோழிகளை ஒல்லாந்தர் இலங்கைத் துறைமுகங்கள் வழியாகக் கொண்டு சென்றதும், அவை மேற்கு ஆபிரிக்காவிற் பணமாக வழங்கியதும், அவற்றைக் கொடுத்து அடிமைகளை வாங்கியதும் வரலாறு. அன்னியர் கொணர்ந்த சோழியின் பெயர், தன்னாட்சி பெற்ற நாட்டின் நாணயத்துக்கு வாய்த்தது.

சீடி நாணயங்களிலும் நிக்குரூமாவின் முகமே இருந்தது. எனினும், 1966ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி, அவர் வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டிருந்த வேளை, படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அக்ராவில் நின்ற அவரது சிலை வீழ்த்தப்பட்டது. 1967இல் வந்த புதிய சீடிக் காசுகளில் அவர் முகம் இல்லை. கொக்கோக் காய்களும் முரசுகளுமே இடம்பெற்றன.

புழங்கும் காசை மாற்றிவிட அரசினால் இயலும். சேகரிப்போர் பேழையிற் புகுந்த நாணயத்தை மாற்ற இயலாது. வெள்ளியும் பொன்னும் அம்முகத்தைக் காத்து நின்றன. காலம் மாறிற்று. நிக்குரூமா பிறந்த நூற்றாண்டின் நினைவாக 2010இல் கானா வெளியிட்ட 2 சீடித் தாளில் அவர் முகம் மீண்டும் தோன்றியது. ஓர் ஆட்சி நீக்கியதை மற்றோர் ஆட்சி மீட்டது. பழைய நாணயத்தைக் கையில் எடுப்போர் அதன் விலையை மட்டும் நோக்காது, அதிற் பொறித்தவர் யார், பின்னர் நீக்கியவர் யார் என வினவுவாராயின், வரலாறு அவர்க்கு விடை கூறும்.