குழூஉக்குறியிலிருந்து பொதுச்சாவி வரை

பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். நன்னூல் தகுதி வழக்கினுள் வைத்துக் கூறும் குழூஉக்குறிக்கு வழிவழியாகக் காட்டப்பெறும் சான்றுகள் இவை. இச்சொற்களைத் தொழில் பயில வந்தவனுக்கு எவரும் ஏட்டில் எழுதித் தந்திருக்க மாட்டார்கள். பட்டறையில் மூத்தவர் அருகே அமர்ந்து, அவர் வாய் கேட்டே அறிந்திருப்பான். மறைபொருளைக் காக்கும் அறிவு நூலைக் காட்டிலும் உறவின் வழியாகவே பரவுகிறது என்று நாம் கருதுகிறோம். கணினிக் காலத்து வரலாறும் இதையே மெய்ப்பிக்கிறது.

இருவர் மறைவாகச் செய்தி பரிமாற வேண்டுமெனில், ஒரே சாவி இருவரிடமும் முன்கூட்டியே இருந்தாக வேண்டும் என்பதே நெடுங்கால நிலை. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை மாற்றியது. பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. முன்னதை ஊரறியக் கொடுத்துவிடலாம். பின்னதை உரியவர் மட்டும் வைத்துக்கொள்வார். இதுவே பொதுச்சாவி முறை.

இம்முறையை எளிய மனிதரின் கைக்குக் கொண்டுவந்தவர் ஃபில் சிம்மர்மன். 1991 ஜூனில் அவர் 'பிஜிபி' என்னும் மென்பொருளை விலையின்றி வெளியிட்டார். வலிமையான மறைக்குறியீட்டை ஆயுதத்தோடு சேர்த்தெண்ணிய அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின்கீழ், 1993 முதல் அவர்மீது விசாரணை நடந்தது. 1996 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. இடையே 1995இல் அம்மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் எம்.ஐ.டி. பதிப்பகம் நூலாக அச்சிட்டது. மென்பொருளைத் தடுக்கும் சட்டம் அச்சு நூலைத் தடுக்கத் தயங்கும் என்பது கணக்கு. நூலுக்கு இத்தகைய பெருமையும் உண்டென்பது இலக்கிய வாசகர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. ஒருவருடையது என்று நம்மிடம் வரும் பொதுச்சாவி உண்மையில் அவருடையதுதானா? இதற்குச் சிம்மர்மன் கண்ட விடை, நண்பர் நண்பருக்குச் சான்று கூறும் 'நம்பிக்கை வலை'. ஆர்வலர்கள் ஓரிடத்தில் கூடினர், அடையாள அட்டைகளைச் சரிபார்த்தனர், சாவியின் சுருக்கக் குறியை ஒப்புநோக்கினர், பிறகே கையொப்பமிட்டனர். கணிதம் முடிந்த இடத்தில் மனித அறிமுகம் தொடங்கியது.

அறிமுகமில்லாதவர் நிலை என்ன? 1999இல் ஆல்மா விட்டன், டக் டைகர் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பன்னிரண்டு பேரிடம் பிஜிபியைக் கொடுத்துத் தொண்ணூறு நிமிட அவகாசமும் அளித்தனர். மின்னஞ்சலைச் சரியாக மறைத்துக் கையொப்பமிட முடிந்தவர் மூன்றில் ஒரு பங்கினரே. கருவி இருந்தது, கையேடும் இருந்தது, உடனிருந்து காட்டுவார் இல்லை.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே 'கிரிப்டோபார்ட்டி' இயக்கம். 2012 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் இணையக் குற்றச் சட்டத் திருத்தத்தை ஒட்டி ஆஷர் வுல்ஃப் இதைத் தொடங்கிவைத்தார். தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தரும் இக்கூட்டங்கள் விரைவிலேயே பல நாடுகளுக்குப் பரவின. அவற்றுள் ஒன்று 2012 டிசம்பர் 11 அன்று ஹவாய் மாநிலத்தின் ஹொனலூலுவில் நடந்தது. வந்தவர் சுமார் இருபது பேர். வன்தட்டை மறைக்குறியீடாக்கும் வழியை அங்கே கற்பித்த இளைஞரின் பெயர் எட்வர்ட் ஸ்னோடன்.

அதே மாதத் தொடக்கத்தில் ஸ்னோடன் புனைபெயரில் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்கு எழுதி, பிஜிபியை நிறுவிக்கொள்ளுமாறு வேண்டியிருந்தார். வழிமுறைகளையும் அனுப்பினார். கிரீன்வால்ட் நிறுவவில்லை. 2013 ஜனவரியில் ஸ்னோடன், இக்கலையை முன்பே அறிந்திருந்த ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸை நாடினார். அவருடைய சாவியைப் பெற்றுத்தந்தவர் மைக்கா லீ என்னும் தொழில்நுட்பர். அமெரிக்க அரசின் கண்காணிப்பை உலகறியச் செய்த பெருஞ்செய்தி, அருகிருந்து சொல்லித்தர ஆளில்லாமல் வெளிவராமலே போயிருக்கக்கூடும்.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர் அனைவருக்கும் முழுமையான மறைக்குறியீட்டை இயல்பாகவே அளித்தது. நூறு கோடிக்கும் மேற்பட்டோர் எதையும் கற்காமலே பூட்டுக்குள் வந்தனர். இனிக் கற்பிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இன்றைய திருடன் பூட்டை உடைப்பதில்லை. வங்கி அதிகாரியின் குரலில் தொலைபேசியில் அழைத்து, சாவியை நம்மிடமே கேட்டு வாங்குகிறான். ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டு ஓய்வூதியச் சேமிப்பை இழக்கும் முதியவரை எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

பட்டறையில் மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தார். இங்கே முறை மாறிவிட்டது. பேரப்பிள்ளைகளே ஆசான்கள். அவர்களிடம் நாம் வேண்டுவது பொறுமை. தாத்தாவின் கைப்பேசியைப் பிடுங்கித் தாமே செய்துமுடிப்பது கற்பித்தல் ஆகாது. அவர் விரலே அழுத்தட்டும். இரண்டாம் முறை கேட்டால் இரண்டாம் முறையும் சொல்லட்டும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கட்டும். ஏமாந்தவர் ஏச்சுக்கு அஞ்சி மறைத்துவிட்டால், மீட்பதற்குரிய நேரமும் கடந்துவிடும். அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒருவர் வீட்டில் இருப்பதே முதல் காவல்.