கொலைக் கணக்கு

அமெரிக்கச் சித்திரக் கதையில் விக்டர் ஸாஸ் என்றொரு வில்லன். கொலைக்கு ஒரு கீறல் தன் உடம்பிலேயே போட்டுக்கொள்வான். சரித்திரத்தில் இப்படிக் கணக்குக்குப் பேர்போனவன் தக்கர் கூட்டத்துப் பெஹ்ராம். வழிப்போக்கர் 931 பேரைத் துணியால் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்பார்கள். 1830-களில் அவனே வெள்ளைக்கார அதிகாரியிடம் சொன்னது வேறு: தன் கையால் சுமார் 125, கண்ணால் கண்டது இன்னும் 150.

மீதிப் பேரைக் கொன்றது யார்? பேனாதான், ஐயா! 1839-ல் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவலில் அமீர் அலி 719 என்று பெருமையடிக்கிறான். நாவலாசிரியர்கள் நாங்கள் அப்படித்தான் செய்வோம், சரித்திரக்காரர்களும் செய்யலாமா?

நம் பக்கமும் தப்பவில்லை. இங்கே அவர்களுக்குப் பான்சிகர் என்று பெயர். சென்னை வைத்தியர் ஷெர்வுட் எழுதிய கட்டுரை 1820-லேயே அச்சாயிற்று. சம்பளப் பணத்தோடு ஊர் திரும்பிய சிப்பாய்கள் எத்தனையோ பேர் வழியிலேயே புதைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கீறலும் இல்லை, பெயரும் இல்லை.