மேகாலயாவும் மலையேறாத ரயிலும்

2014 நவம்பர் 29 அன்று மெந்திபதார்–கௌகாத்தி பயணிகள் ரயில் தொடங்கி வைக்கப்பட்டபோது, மேகாலயாவுக்கு முதன்முறையாக ரயில் வந்துவிட்டதென்று செய்திகள் எழுதின. அது பாதி உண்மையே. இன்றைய மேகாலயாவின் தெற்கு அடிவாரத்தில், சில்ஹெட் சமவெளியிலிருந்து தெரியாகாட் வரை 1886-இலேயே ஒரு சிறிய ரயில் ஓடியது. 1897-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் அதைச் சிதைத்தது, பாதை கைவிடப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இம்மலைகளில் ரயில் இல்லை.

மெந்திபதார் இருப்பது காரோ மலைப்பகுதியின் வடக்கு விளிம்பில். அங்கும் பாதை முதலில் தேபா என்ற ஊருக்கே திட்டமிடப்பட்டது. நிலம் தர மக்கள் மறுத்ததால் இலக்கு மாறியது. தலைநகர் ஷில்லாங் அமைந்த காசி மலைப்பகுதியின் கதை வேறு. (வாரணாசியாகிய காசிக்கும் இவ்வினப் பெயருக்கும் தொடர்பில்லை.) அஸ்ஸாமின் தெதெலியாவிலிருந்து எல்லையூரான பைர்னிஹாட் வரை சுமார் 22 கி.மீ., அங்கிருந்து ஷில்லாங் வரை சுமார் 108 கி.மீ. என இரு திட்டங்கள் வகுக்கப்பட்டன. காசி மாணவர் சங்கத்தின் கடும் எதிர்ப்பால் 2017 முதல் பணிகள் முடங்கின. சரக்கு ரயில் மட்டுமாவது வரட்டும் என்ற சமரசக் குரலும் எடுபடவில்லை. இன்று சரக்கு ஏறும் தண்டவாளத்தில் நாளை பயணி ஏறுவதைத் தடுப்பது யார்?

எதிர்ப்பாளர்கள் அடிக்கடி சுட்டுவது திரிபுராவை. 1901-இல் அங்கே பழங்குடியினர் பாதிக்கு மேல், 2011-இல் 31.8 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் மேகாலயாவில் 86 விழுக்காடு. ஆனால் திரிபுராவின் மாற்றத்துக்கு ரயிலைக் காரணமாக்க இயலாது. தர்மநகரை ரயில் எட்டியது 1964-இல். அகர்தலாவை எட்டியது 2008-இல். பிரிவினையின் அகதிகள் அதற்கு முன்பே பெருந்திரளாக வந்து குடியமர்ந்துவிட்டனர். ஷில்லாங்கும் தனித்தீவன்று, கௌகாத்தியிலிருந்து நெடுஞ்சாலை வழியே நாள்தோறும் பேருந்துகளும் சுமையுந்துகளும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியானால் இந்த அச்சம் வெறும் கற்பனையா? அவ்வாறு தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். 1873-ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழிவந்த 'இன்னர் லைன் பெர்மிட்' எனும் உள்நுழைவு அனுமதி நாகாலாந்திலும் மிசோரத்திலும் அருணாசலத்திலும் நடைமுறையில் உள்ளது. 2019-இல் மணிப்பூருக்கும் விரிந்தது. மேகாலயாவுக்கு அது இல்லை. நாகாலாந்தின் ரயில் நகரமான திமாபூர் 2019 வரை அவ்வனுமதிக்கு வெளியே விடப்பட்டிருந்தது; அம்மாநிலத்தின் மிகக் கலப்பான பெருநகராக வளர்ந்ததும் அதுவே. எனவே, முதலில் அனுமதிச் சட்டம், பிறகு ரயில் என்று மாணவர் சங்கம் வைக்கும் வரிசையில் ஒரு தருக்கம் இருக்கிறது. 2019 டிசம்பர் 19 அன்று மேகாலயா சட்டமன்றமே அவ்வனுமதியைக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. தண்டவாளத்தைத் தர முன்வரும் அரசே வாயிற்கதவைத் தர மறுக்கிறது என்பதுதான் மனத்தாங்கலின் மையம்.

இவ்விடத்தில் மொழியும் ஒரு செய்தி சொல்கிறது. காசி மொழியில் வெளியாரைக் குறிக்கும் சொல் 'ட்கார்'. இன்று அது அரசியல் மேடையில் கசப்புடன் ஒலிக்கிறது. ஆனால் ட்கார் என்பதே ஒரு காசிக் குலத்தின் பெயருமாகும்; 'கார்' என்று தொடங்கும் வேறு பல குலப்பெயர்களும் இதே சொல்லின் குறுக்கம் எனக் கருதப்படுகின்றன. தாய்வழிச் சமூகமாதலால், வெளியாரான ஒரு தாய்க்கும் காசித் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளுக்குக் குலமில்லை. சடங்கின் வழியே புதிய குலம் உண்டாக்கி அவர்களைச் சேர்த்துக்கொண்டனர். ஒரு பெண், ஒரு குடும்பம் என வந்தவர்களை உள்வாங்கத் தெரிந்த சமூகம் அது. நாளொன்றுக்கு எத்தனை பெட்டிகள் என்ற கணக்கில் வருவோருக்கு அச்சடங்கில் இடமில்லை.

இதற்கான விலையை மக்களே கொடுக்கின்றனர். பைர்னிஹாட் தாண்டி மேலேறும் அரிசியும் சிமென்டும் இன்னும் சுமையுந்துகளையே நம்பியிருக்கின்றன. மலைச்சரிவு நெடுஞ்சாலையை மறிக்கும் மழைநாட்களில் அவை அடிவாரத்தில் வரிசையாகக் காத்து நிற்கின்றன.