மடங்கிய விரல்கள் நிமிர்ந்த வரலாறு

புகைவண்டி நிலையங்களில் நெடுங்காலம் பணிபுரிந்து வரும் நாம், விரல் மடங்கிய கைகள் நம்முன் நீளக் கண்டு, காசை இட்டு முகந் திருப்பிக்கொண்டதுண்டு. தொழுநோயால் முடங்கிய கை மீளாது என்றே பலரும் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் டாக்டர் பால் பிராண்ட்.

1914ஆம் ஆண்டு ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகனாய்ப் பிறந்த அவர், இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் நோயாளரின் கைகளைக் கண்டார், ஆராயத் தொடங்கினார். நரம்பு பழுதுற்றதால் கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கின. முன்கைத் தசைகளிற் பல வலுவுடனேயே இருந்தன. எனவே, நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, செயலிழந்ததன் வேலையை அதற்கு அளித்தார். 1948 முதல் இவ்வறுவை முறையால் பல கைகள் நிமிர்ந்தன.

விரல்கள் தேய்வது சதை தானே அழுகுவதால் அன்று. வலி உணராது சுடுகலத்தையும் கூர்ங்கருவியையும் பற்றுவதால் உண்டாகும் புண்களாலேயே என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். கை நிமிர்ந்தும் வேலை கொடுப்பார் இலர் எனக் கண்டு, அவர்கட்குத் தச்சுத்தொழில் முதலியன கற்பிக்கவும் வழி செய்தார்.

2003இல் அப்பெரியார் மறைந்தார். கையை நிமிர்த்துவது மருத்துவர் கடன். நிமிர்ந்த கையைக் கூசாது பற்றுவது நம் கடன் அன்றோ!