'கட் ஆஃப்' என்றால் என்ன? ரோடு முதல் ரேங்க் வரை... ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா?

"சோலூர் கட் ஆஃப் ஆயிடுச்சு" என்று மழைக்காலத்தில் ஒரு மெசேஜ் வந்தால், மரம் விழுந்து ஊட்டி ரோடு அடைபட்டிருக்கலாம். கரண்ட் போயிருக்கலாம். ஆனால் "சோலூர் பையன் கட் ஆஃப் 172" என்று வந்தால்? அது இன்ஜினீயரிங் கவுன்சிலிங் விஷயம்!

ஆங்கிலத்தில் 'கட்' என்றால் வெட்டு. கூட 'ஆஃப்' சேர்ந்தால், வெட்டித் தனியாக்குவது. மரக்கிளையை வெட்டி எடுப்பதுதான் அடிப்படை அர்த்தம். பில் கட்டாவிட்டால் கரண்ட் கட் ஆஃப். பேசும்போதே லைன் போனாலும், எதிரில் இருப்பவர் குறுக்கே பேசினாலும் அதே சொல்தான். மகனுக்குச் சொத்து கிடையாது என்று அப்பா ஒதுக்கிவிட்டால் அதுவும் கட் ஆஃப். அமெரிக்காவில், நம் வண்டிக்கு முன்னால் திடீரென ஒருவர் புகுந்தாலும் இதைத்தான் சொல்லித் திட்டுவார்கள்.

ஊர் துண்டிக்கப்படுவதை நீலகிரி மக்களுக்கு விளக்கவே வேண்டாம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, எமரால்டு சுற்றுவட்டார கிராமங்கள் அப்படித்தான் தனித்துப்போயின. மின்சாரம், போன், சாலை என எல்லாவற்றுக்கும் நாங்கள் செய்தியில் 'துண்டிப்பு' என்றே எழுதிவிடுவோம். மார்க்குக்கு மட்டும் அந்தச் சொல் ஒட்டாது.

குழப்பமே அந்த மார்க்கில்தான். ஆங்கிலத்தில் கட் ஆஃப் என்பது ஒரு எல்லைக்கோடு. இதற்குக் கீழே இடமில்லை என்று அர்த்தம். நம்ம ஊரிலோ மாணவரின் சொந்த மார்க்குக்கும் அதே பெயர்! கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, மொத்தம் 200. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 90+40+42, அதாவது 172. இது 'உங்கள்' கட் ஆஃப்.

'காலேஜ் கட் ஆஃப்' வேறு. ஒரு பாடப்பிரிவில், ஒரு இட ஒதுக்கீட்டுப் பிரிவில், கடைசியாக சீட் வாங்கியவரின் மார்க் அது. பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது போன வருடக் கணக்கு. இந்த வருடம் தேர்வு எப்படி இருந்தது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். உங்கள் 172-ஐ வேறு பிரிவுக்கான 180-உடன் ஒப்பிட்டு, "நமக்குக் கிடைக்காது"னு முடிவு பண்ணிடாதீங்க.

சீட் ரேங்க் வரிசைப்படிதான் ஒதுக்கப்படுகிறது. இருவருக்கும் ஒரே கட் ஆஃப் என்றால் முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். அதனால் 175, 178 காட்டும் கல்லூரிகளை மேலே போடுங்க, கிடைக்க வாய்ப்புள்ளவற்றைக் கீழே போடுங்க. மேலே கிடைக்காவிட்டாலும் கீழே உள்ளது கையை விட்டுப் போகாது.