குதிரை வளர்ப்பைக் கற்க எங்கே போவது?

ஒரகடம் கூட்டுச்சாலையில் அதிகாலையில் நிற்பவருக்கு முதலில் கண்ணில் படுபவை, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அணிவகுத்துச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளே. கால் நூற்றாண்டுக்கு முன்பு ஏரிப்பாசனமும் கறவை மாடுகளுமாக இருந்த இப்பகுதியில், பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு என்ன படிப்பு என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான்: டிப்ளமோ, பிறகு கம்பெனி. இங்கே மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து வரும் நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லி வந்தேன்.

கடந்த ஆண்டு ஒரு மாணவர் தன் தந்தையுடன் வந்து, "சார், குதிரை வளர்ப்புக்குன்னு தனியா காலேஜ் இருக்கா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அவர் சிரிக்கவில்லை. தாத்தாவுடன் ஒருமுறை அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போய் வந்ததிலிருந்து இதே நினைவாக இருக்கிறாராம். தந்தைக்கு இரண்டு மாடுகளும், விற்றது போக எஞ்சிய கொஞ்சம் நிலமும் உள்ளன. "பாலிடெக்னிக்ல போட்டா சீக்கிரம் சம்பாதிப்பான் சார்" என்றார் அவர். இரண்டு பேருக்கும் நேர்மையான பதில் சொல்ல வேண்டுமே என்று தேடத் தொடங்கினேன்.

இங்கிலாந்தில் ஹார்ட்புரி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் குதிரை மேலாண்மை ஒரு பட்டப்படிப்பு. நம் நாட்டில் அந்தத் துறைக்கான நம்பகமான வாயில் கால்நடை மருத்துவமே. பி.வி.எஸ்சி. – ஏ.எச். எனப்படும் இப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியே இன்றும் இதற்கு முதல் பெயர். அது 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி உள்ளிட்ட ஊர்களிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்குத்தான் நீட் மதிப்பெண் தேவை. மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. கால்நடை மருத்துவத்துக்கும் நீட் கட்டாயம் என்று எண்ணி விண்ணப்பிக்காமலே விட்ட பிள்ளைகளை நான் அறிவேன்.

சரி, படித்த பின் குதிரை எங்கே இருக்கிறது? பந்தயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2024-இல் உதகையிலும் கிண்டியிலும் பந்தய மைதான நிலங்களைத் திரும்பப் பெறத் தமிழக அரசு நடவடிக்கை எடுத்ததைப் பார்த்த பிறகு, பந்தயத்தை மட்டும் நம்பி ஒரு மாணவரை அனுப்ப எனக்கு மனம் வராது. ஆனால் குதிரை அங்கே மட்டும் இல்லை. 1779 முதல் வரலாறு கொண்ட ராணுவத்தின் ரீமவுண்ட் கால்நடைப் படை, கால்நடை மருத்துவப் பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுத்துக்கொள்கிறது. அதன் பயிற்சி மையம் மீரட்டில் உள்ளது. ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னைக் காவல்துறையில் குதிரைப்படைப் பிரிவு உண்டு.

பலர் அறியாத இன்னோர் இடம் பாம்புக்கடி மருந்து. நம்மிடமிருந்து வெகு தொலைவில் இல்லாத வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்குகிறது. அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தே மருந்து செய்கிறார்கள். வயலில் கடிபட்ட விவசாயியின் உயிர், முகம் தெரியாத ஒரு லாயத்துக் குதிரையின் உடல்நலத்தைச் சார்ந்திருக்கிறது. அந்தக் குதிரையைக் காக்க மருத்துவர் வேண்டாமா? அந்த மாணவரின் கண் அகல விரிந்தது இதைச் சொன்னபோதுதான்.

வேளாண்மைப் பக்கம் வழிகள் அதிகம். சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளியின் வழிவந்த கோவை வேளாண் பல்கலைக்கழகம் வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் என நான்காண்டுப் பட்டங்களையும், இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகளையும் வழங்குகிறது. நமக்கு அருகில் என்றால் திருவண்ணாமலை மாவட்டம் வாழவச்சனூரில் அதன் கல்லூரி உள்ளது. கணிதப் பிரிவினருக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் வேளாண்மை, பாசனப் பொறியியல் இருக்கிறது. ஏரிகளின் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பை நான் காணவில்லை. தனியார் கல்லூரியில் சேர்வோர் கட்டடத்தைப் பார்க்கும் முன் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்கட்டும். பட்டம் வேண்டாம், மாடு வளர்த்தால் போதும் என்பவர்களுக்குக் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் பயிற்சி தருகிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பற்றிச் சொன்னேன். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றுக்கும் உண்டு. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தந்தையின் முகம் அப்போதுதான் தெளிந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. "ஆறாவதும் ஏழாவதும் எங்கே படிச்சே?" என்று கேட்டேன். நிலம் விற்ற பணம் கையில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளும் மகனை ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படிக்க வைத்திருந்தார் தந்தை. பணம் தீர்ந்ததும் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார். அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

பொதுப் பிரிவில் விண்ணப்பித்தார் மாணவர். கால்நடை மருத்துவம் சில மதிப்பெண்களில் கைநழுவியது. வேளாண்மையில் இடம் கிடைத்தது. தந்தை எஞ்சியிருந்த நிலத்தின் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிச் சேர்த்திருக்கிறார். இந்த ஆண்டு முதல், ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளிக்கு வரும் பெற்றோரிடமே இந்த விதியைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.