பறக்காத விமானங்கள்

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஜலகண்டாபுரம் நெசவாளர் வாழும் ஊர். அதன் தெருக்களில் நடப்போர் செவியில் தறியோசை விழாமல் இராது. ஊருக்கு வடமேற்கே மேட்டூர் அணை; கிழக்கே, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில், 1993-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சேலம் விமான நிலையம். அதன் ஓடுபாதையிலிருந்து வடகிழக்காக எழும்பி, வலப்புறம் சேர்வராயன் மலையைக் கண்டு, இடப்புறம் திரும்பி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின்மேல் ஒருமுறை வட்டமிட இவ்வூர் மாணவன் ஒருவன் விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் செலவை நினைத்தாலே மனம் சோரும். ஆயினும் வீட்டிலுள்ள கணிப்பொறியில் அவன் அதனை இன்று மாலையே செய்து பார்க்கலாம். இந்த வசதி கைகூடிய வரலாறு சுவையானது.

தொடக்கம் ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தையார் தாமே இசைக்கும் பியானோக்களையும் பெரிய ஆர்கன்களையும் செய்து வந்தார். துளையிட்ட காகிதச் சுருளும் காற்றுத் துருத்தியும் அப்பியானோக்களை இயக்கின. ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் பூவேலையை நடத்துவதை அறிந்த நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்துருத்திகளைக் கொண்டே லிங்க் 1929-இல் ஒரு சிறு பெட்டியை விமானம்போல் சாயவும் திரும்பவும் செய்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பொருளாகவே மக்கள் கருதினர். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியை ஏற்றனர். மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் பன்னிருவர் மாண்டனர். அதன் பின்னரே ராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறனை வாங்கிற்று. நம் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான்.

அந்தப் பெட்டியில் வெளிக்காட்சி ஏதும் இல்லை என்பதைக் கருத வேண்டும். மேலே மூடி, உள்ளே முள் காட்டும் கருவிகள். அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில்தான் பயின்றார்கள்.

வீட்டுக்குள் விமானத்தைக் கொண்டுவந்தவர் புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய் பல்கலைக்கழக மாணவராக, 1975-இல், கணிப்பொறியால் பறத்தற்காட்சியை வரைவது பற்றி ஆய்வேடு எழுதினார். சில ஆண்டுகளில் ஆப்பிள் டூ என்னும் சிறு கணிப்பொறிக்கு அதை ஆக்கித் தந்தார். நிலம் முழுவதும் வெறுங் கோடுகள்; ஆறுக்கு ஆறாக முப்பத்தாறு கட்டங்கள். வினாடிக்குச் சில படங்களே திரையில் மாறின. திரைப்படத்திலோ வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன.

இங்கேதான் இன்றளவும் தீராத வழக்கு தொடங்குகிறது. சிறு விமானமொன்று மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அணுகுகிறது என்க. வினாடிக்கு நான்கு படங்களே காணக் கிடைப்பின், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே விமானம் ஏழரை மீட்டர் நகர்ந்துவிடும். மூக்கு தாழ்வதைக் கண்டு விமானி கைப்பிடியை இழுக்கிறான், பயன் உடனே தெரிவதில்லை, மேலும் இழுக்கிறான். இரண்டின் பயனும் சேர்ந்து வருகையில் மூக்கு அளவுக்கு மீறி உயர்கிறது. பதறித் தள்ளுகிறான்; இப்போது அது தாழ்கிறது. விமானத்தில் பிழையில்லை, அவன் கையிலும் பிழையில்லை. இடையே புகுந்த தாமதமே குற்றவாளி. ஆகவே மெய்ம்மை என்பது மரம் மரமாக இருப்பதிலா, கை அசைந்தவுடன் விமானம் அசைவதிலா என்ற கேள்வி எழுகிறது. இரண்டையும் ஒருங்கே தரப் பொறிக்கு வலிமை வேண்டும். டிஆர்எஸ் 80 என்ற மற்றொரு சிறு கணிப்பொறிக்கு மாற்றியபோது, அதன் திரையின் எளிமை கருதிக் கருவிப் பலகையையே நீக்கிவிட்டார்கள்! லிங்க் காட்சியை விட்டுக் கருவியை வைத்தார். இவர்கள் கருவியை விட்டுக் காட்சியை வைத்தார்கள். என் வாக்கு லிங்கிற்கே.

1982-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆர்ட்விக்கின் படைப்பை ஐபிஎம் கணிப்பொறிக்கு வெளியிட்டது. பிற நிறுவனங்களின் பொறிகள் ஐபிஎம் பொறிக்கு ஒப்பானவையா என்பதைச் சோதிக்க இதனையே ஓட்டிப் பார்த்தனர். 2006-இல் வந்த பத்தாம் பதிப்போ விலையுயர்ந்த பொறிகளையும் திணறச் செய்தது. காரணம் எளிது. ஒரே செயலியின் வேகம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி அதை அமைத்தார்கள். உற்பத்தியாளரோ ஒரு சில்லில் பல செயலிகளை அடுக்கும் வழியை மேற்கொண்டனர். பத்து எருதுகள் தொழுவத்தில் நின்றும் ஓர் எருதே ஏர் இழுத்தால் உழவு நடக்குமா? 2007-இல் வந்த திருத்தம் ஓரளவு நிலைமையைச் சீராக்கியது.

நம் மாணவனுக்கு உதவுவது, 1996 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர் கூடி ஆக்கி இலவசமாக வழங்கும் பிளைட்கியர். அதில் பறத்தற்கணக்கு வேறு, படம் வரைதல் வேறு. ஜேஎஸ்பிசிம் என்னும் கணக்குப் பகுதி இயல்பாக வினாடிக்கு 120 முறை விமானத்தின் மீதான விசைகளைக் கணிக்கிறது. படம் மெதுவாக வந்தாலும் கணக்கின் படிகள் குறைவதில்லை. மலைகளோ கற்பனையல்ல. 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி, ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கின் உயரத்தை அளந்தது. முதலில் நம் நாட்டுக்குச் சுமார் 90 மீட்டருக்கு ஓர் அளவீடு வெளியாயிற்று. சேர்வராயன் மலை திரையில் தன் இடத்தில் தன் உயரத்தோடு நிற்பது அத்தகைய அளவீடுகளால்தான்.

2020 ஆகஸ்டில் மைக்ரோசாப்டின் புதிய பதிப்பு உலக முழுவதையும் செயற்கைக்கோள் படங்களால் போர்த்தி வந்தது. அதன் எழில் வியக்கத்தக்கது. அது கேட்கும் பொறியும் இணையத் தொடர்பும் எல்லா இல்லங்களிலும் இரா. எளிய கணிப்பொறி உடையவன் மரங்களைக் குறைக்கிறான், மேகங்களை நீக்குகிறான், தொலைக்காட்சி எல்லையைச் சுருக்குகிறான். காமலாபுரத்து ஓடுபாதை வெறும் சாம்பல் நிறப் பட்டையாகிறது. கைப்பிடியை மெல்ல இழுக்கிறான். மூக்கு உடனே எழுகிறது. மேட்டூருக்கு இடப்புறம் திரும்ப வேண்டும்.